இன்று முதலா, ஆயுளுக்குப் பின்னா: செட்டில்மெண்ட் பத்திரச் சொற்களை நீதிமன்றம் படிக்கும் விதம்

'என் ஆயுள் பரியந்தம் நானே ஆண்டு அனுபவித்துக்கொண்டு, என் ஆயுளுக்குப் பின்னிட்டு நீயே சர்வ சுதந்திர பாத்தியங்களுடன் புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது.' தமிழ்நாட்டில் எழுதப்பட்ட பழைய செட்டில்மெண்ட் பத்திரங்களைப் புரட்டினால் இந்த வாக்கியமோ இதற்கு நெருங்கிய ஒன்றோ கண்ணில் படும். எழுதிக்கொடுத்த தாய்க்கும் எழுதி வாங்கிய மகனுக்கும் அன்று அதில் ஐயம் இருந்திருக்காது. ஐயம் பிறகுதான் வருகிறது. தாய்க்கு முன்பே மகன் இறந்துபோகிறான். அல்லது தாய் மனம் மாறி அதே வீட்டை மகளுக்கு எழுதுகிறாள். அல்லது தாய் குடியிருக்கும்போதே மகன் வீட்டை அடமானம் வைக்கிறான். வழக்கு எந்த வடிவில் வந்தாலும் நீதிமன்றத்தின் முன் நிற்கும் கேள்வி ஒன்றே: பத்திரம் பதிவான நாளில் கைமாறியது என்ன?

எழுதிக்கொடுத்தவரின் எண்ணத்தைப் பத்திரத்தின் சொற்களிலிருந்து அறிவதே தன் வேலை என்று நீதிமன்றம் ஒன்றரை நூற்றாண்டாகச் சொல்லி வருகிறது. அந்தச் சொற்களில் பெரும்பகுதி எழுதிக்கொடுத்தவருடையது அல்ல. அவை ஆவண எழுத்தரின் அச்சில் வார்த்தவை. அச்சுச் சொல்லிலிருந்து ஒரு தனி மனிதரின் எண்ணத்தை எப்படி எடுப்பது? இக்கட்டுரை ஆராய்வது இதைத்தான். எல்லாப் பத்திரத்திலும் வரும் சொல்லுக்கு நீதிமன்றங்கள் பல சமயம் தேவைக்கு மீறிய எடை கொடுக்கின்றன என்பதும், அச்சிலிருந்து விலகிய சொல்லே எண்ணத்துக்குச் சிறந்த சான்று என்பதும் என் வாதம்.

சட்டம் எதைச் செட்டில்மெண்ட் என்கிறது

சொத்துரிமை மாற்றுச் சட்டம், 1882 விற்பனை, அடமானம், குத்தகை, பரிவர்த்தனை, தானம் ஆகியவற்றுக்குத் தனித்தனி அத்தியாயங்கள் வைத்திருக்கிறது. செட்டில்மெண்டுக்கு அதில் அத்தியாயம் இல்லை. இலக்கணம் வேறு இரண்டு சட்டங்களில் கிடைக்கிறது. இந்திய முத்திரைச் சட்டம், 1899-இன் 2(24)ஆம் பிரிவு, உயில் அல்லாத எழுத்துமூல ஏற்பாடாக அதைக் காண்கிறது: திருமணத்தை முன்னிட்டோ, குடும்பத்தாருக்கும் தாம் ஆதரிக்க விரும்புவோருக்கும் சொத்தைப் பகிர்ந்தளிக்கவோ, சமய அறக் காரியங்களுக்காகவோ செய்யப்படுவது. குறித்த பரிகாரச் சட்டம், 1963 அதை ஒருவர்பின் ஒருவராக வரும் உரிமைகளை வகுக்கும் ஆவணம் என்கிறது. முதல் இலக்கணம் நோக்கத்தைப் பார்க்கிறது. இரண்டாவது உரிமையின் அமைப்பைப் பார்க்கிறது. இரண்டும் ஒன்றுபடும் இடம், இது உயில் அல்ல என்பது.

பணமோ வேறு கைம்மாறோ இன்றி எழுதப்படும் குடும்பச் செட்டில்மெண்ட் சட்டத்தின் கண்ணில் பெரும்பாலும் தானமே. ஆகவே சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 122ஆம் பிரிவின்படி கொடுப்பவர் உயிருடன் இருக்கும்போதே பெறுபவர் ஏற்க வேண்டும். 123ஆம் பிரிவின்படி அசையாச் சொத்தானால் பதிவும் இரு சாட்சிகளின் கையெழுத்தும் வேண்டும். பத்திரங்களின் தலைப்பில் 'தான செட்டில்மெண்ட்' என்ற இரட்டைப் பெயர் புழங்குவதற்குக் காரணம் இதுதான்.

பெயர் தேர்வுக்குப் பின்னால் காசுக் கணக்கும் உண்டு. தமிழ்நாட்டில் குடும்ப உறுப்பினர்களுக்கிடையிலான செட்டில்மெண்டுக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம். அதற்கு உச்சவரம்பும் உண்டு. 2023 ஜூலையில் அந்த வரம்பு 25,000 ரூபாயிலிருந்து 40,000 ஆக உயர்ந்தது. உயிலுக்கோ முத்திரைத் தீர்வையே கிடையாது, பதிவும் கட்டாயமில்லை. தீர்வை கட்டிச் செட்டில்மெண்ட் எழுதியவர் உயில் எழுத நினைத்திருக்க மாட்டார் என்ற ஊகம் இங்கிருந்து பிறக்கிறது. ஓரளவு நியாயமான ஊகம்தான். ஆனால் 'உயிலை நாளைக்குக் கோர்ட்டில் உடைத்துவிடுவார்கள், செட்டில்மெண்டே போடுங்கள்' என்ற அறிவுரையைக் கேட்டுத் தலையசைத்தவர்களும் அந்தத் தீர்வையைக் கட்டியவர்களில் அடக்கம்.

உயிலா, செட்டில்மெண்டா

செட்டில்மெண்ட் வழக்குகளில் பெரும்பாலானவை இந்தப் பாகுபாட்டில்தான் தொடங்குகின்றன. எழுதியவர் உயிருடன் இருக்கும்வரை உயிலை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925-இன் 62ஆம் பிரிவு அந்த அதிகாரத்தைத் தருகிறது. செட்டில்மெண்டில் உரிமை உடனே போய்விடுகிறது. போனதைத் தனியொருவராகத் திரும்ப எடுக்க முடியாது. உயிலுக்கும் தானத்துக்கும் இரண்டு சாட்சிகள் தேவை என்பதால் வெளி வடிவம் இங்கே அதிகம் உதவாது.

தமிழ்நாட்டிலிருந்து சென்ற பி.கே. மோகன்ராம் வழக்கில் (2010) உச்ச நீதிமன்றம் முந்தைய தீர்ப்புகளைத் தொகுத்துப் பார்த்தது. இதற்கென வார்ப்பு விதி எதுவும் இல்லை என்று அது ஒப்புக்கொண்டது. பத்திரத்தை முழுமையாகப் படிக்க வேண்டும். தலைப்புப் பெயர் முடிவானதல்ல. வெளிப்படையான சொல்லாலும் அதிலிருந்து தவிர்க்க முடியாமல் பெறப்படும் பொருளாலும் எண்ணத்தை அறிய வேண்டும். ரத்து செய்யத் தடை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கேரள வழக்கான மத்தாய் சாமுவேல் (2012) ஒரு படி மேலே சென்றது. ஒரே ஆவணம் ஒரு பகுதி சொத்துக்கு உயிலாகவும் இன்னொரு பகுதிக்கு உடனடி ஏற்பாடாகவும் இருக்க முடியும் என்று அதில் சொல்லப்பட்டது.

இந்தச் சோதனைகளில் வழக்கறிஞர்கள் அதிகம் நம்புவது ரத்துத் தடை வாசகத்தை: 'இதை எக்காலத்திலும் எக்காரணத்தை முன்னிட்டும் ரத்து செய்யவோ மாற்றவோ எனக்கு அதிகாரம் இல்லை.' சற்று நின்று யோசித்தால் இந்த வாசகத்தின் சான்று வலிமை நாம் நினைப்பதைவிடக் குறைவு. ஆவணம் செட்டில்மெண்டானால் ரத்து அதிகாரம் ஏற்கெனவே இல்லை. அதைச் சொல்வது மிகை. ஆவணம் உயிலானால், ரத்து செய்ய மாட்டேன் என்று எழுதியும் பயனில்லை. சட்டம் தரும் அதிகாரம் அப்படியே நிற்கும். ஆக, இரண்டு நிலையிலும் சட்ட விளைவு எதுவும் இல்லாத வாசகம் எது என்று பிரிக்கும் கருவியாகிவிடுகிறது. எழுதியவர் இதைப் படித்துப் புரிந்து கையெழுத்திட்டார் என்று காட்டினால் எண்ணத்துக்குச் சான்றாகலாம். அச்சில் வந்தது என்றால் அது ஆவண எழுத்தரின் பழக்கத்துக்கே சான்று.

எதிர்த்திசை வாசகத்தின் நிலை வேறு. 'எனக்கு இஷ்டமில்லாதபோது ரத்து செய்துகொள்ள அதிகாரம் உண்டு' என்று ஒரு பத்திரம் சொன்னால், சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 126ஆம் பிரிவு குறுக்கே வருகிறது: கொடுப்பவரின் வெறும் விருப்பத்தின்பேரில் ரத்தாகக்கூடிய தானம் அந்த அளவுக்குச் செல்லாது. அதைச் செட்டில்மெண்ட் என்று படித்தால் ஆவணமே சாகும். உயில் என்று படித்தால் பிழைக்கும். ஆவணத்தை உயிரோடு வைக்கும் பொருளையே ஏற்க வேண்டும் என்ற பழைய விதி இங்கே உண்மையாக வேலை செய்கிறது. இந்த வாசகம் அச்சில் சாதாரணமாக வருவதில்லை. யாரோ கேட்டுச் சேர்த்தது. அதனாலேயே அதற்கு எடை.

ஒரே மாதிரி வாக்கியம், இரண்டு முடிவு

தொடக்கத்தில் கண்ட 'ஆயுளுக்குப் பின்' வாக்கியத்துக்குத் திரும்புவோம். ஆந்திரத்திலிருந்து வந்த நம்பூரி பசவ சுப்பிரமணியம் வழக்கில் (1996) தாய் ஒரு மகளுக்குச் செட்டில்மெண்ட் எழுதி, தன் ஆயுள்வரை அனுபவத்தைத் தனக்கே நிறுத்திக்கொண்டார். பிறகு அதை ரத்து செய்து, சொத்தை வேறொருவருக்கு உயிலாக எழுதினார். உச்ச நீதிமன்றம் முதல் பத்திரத்தைச் செட்டில்மெண்ட் என்றே கொண்டது: உரிமை அன்றே மகளுக்குப் போயிற்று, தாயிடம் எஞ்சியது ஆயுள் அனுபவம் மட்டும், ரத்துக்கு இடமில்லை.

தமிழ்நாட்டு வழக்கான கோகிலாம்பாளில் (2005) எழுதிக்கொடுத்தவர் உயிருடன் இருக்கும்வரை சொத்தில் தம் பிடியை வைத்துக்கொண்டு, முழு உரிமையைத் தமக்குப் பிந்தைய காலத்துக்கு ஒதுக்கியிருந்தார். பெறுபவர் அவருக்கு முன்பே இறந்துவிட்டார். பெறுபவரின் வாரிசுகள் உரிமை கோரினர். உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. பத்திரத்தை முழுதாகப் படித்தால் அன்றே எதுவும் நிலைபெறவில்லை, கொடுப்பவர் இறந்த பிறகே முழு உரிமை வரவேண்டியிருந்தது என்றது.

இரண்டு தீர்ப்பையும் அருகருகே வைத்துப் படிக்கும் மாணவருக்குத் தலை சுற்றுவது இயல்பு. சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 19ஆம் பிரிவு விளக்கம் முதல் தீர்ப்பின் பக்கம் சாய்கிறது: அனுபவம் தள்ளிவைக்கப்பட்டது என்பதாலோ, இடையில் இன்னொருவருக்கு முன்னுரிமை ஒன்று ஒதுக்கப்பட்டது என்பதாலோ மட்டும் உரிமை நிலைபெறவில்லை என்று ஊகிக்கக் கூடாது. நிலைபெற்ற உரிமையானால் பெறுபவர் அனுபவத்துக்கு வருமுன் இறந்தாலும் அது அழியாது. அவருடைய வாரிசுகளுக்குப் போகும். வங்காளக் குடும்பம் ஒன்றின் ஏற்பாட்டைப் பற்றிய ராஜேஸ் காந்த ராய் வழக்கிலும் (1957), மாறான எண்ணம் தெளிவாக இல்லாதவரை உரிமை நிலைபெற்றது என்ற பக்கமே நீதிமன்றம் சாய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

அப்படியானால் கோகிலாம்பாள் பிழையா? அப்படிச் சொல்லத் தேவையில்லை. வேறுபாடு 'ஆயுளுக்குப் பின்' என்ற தொடர் எதன்மேல் ஏறி நிற்கிறது என்பதில் இருக்கிறது. அனுபவத்தின்மேல் நின்றால் உரிமை இன்றே போயிற்று. உரிமையின்மேலேயே நின்றால் இன்று போனது ஒன்றுமில்லை. சிக்கல், நம் பத்திரத் தமிழ் இவ்விரண்டையும் பிரிக்காமல் 'ஆண்டு அனுபவித்துக்கொள்ள' என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவது. ஆள்வது உடைமை, அனுபவிப்பது பயன். அச்சு வாக்கியம் இரண்டையும் சேர்த்துக் கட்டி, அதற்கு முன்னால் 'ஆயுளுக்குப் பின்னிட்டு' என்று போட்டுவிடுகிறது. எனவே அந்த வாக்கியத்தை எத்தனை முறை படித்தாலும் விடை கிடைக்காது. பத்திரத்தின் பிற இடங்களைத்தான் பார்க்க வேண்டும். 'இன்று முதல்' என்ற சொல் எங்காவது உண்டா? 'இதனடியில் கண்ட சொத்தை உனக்குச் செட்டில்மெண்ட் செய்து கொடுத்துவிட்டேன்' என்று வினை முடிந்த நிலையில் நிற்கிறதா? ஆயுள்வரை தனக்கு வைத்துக்கொண்டது அனுபவம் மட்டுமா, விற்கவும் அடமானம் வைக்கவும் அதிகாரமும் சேர்த்தா? பின்னதைத் தனக்கென ஒதுக்கிக்கொண்டவர் எதையும் கொடுத்துவிட்டதாகச் சொல்வது கடினம்.

இடைக்காலத்தில் குழப்பம் தந்த இன்னொரு கேள்வி 2014-இல் தீர்ந்தது. ஆயுள்வரை வாடகையும் அனுபவமும் கொடுப்பவரிடமே இருந்தால், சுவாதீனம் கொடுக்கப்படவில்லை என்று தானம் செல்லாமல் போகுமா? முந்தைய தீர்ப்புகள் முரண்பட்டு நின்றதால் ரேணிகுண்ட்லா ராஜம்மா வழக்கு மூன்று நீதிபதிகள் முன் சென்றது. பதிவான அசையாச் சொத்துத் தானத்துக்குச் சுவாதீன ஒப்படைப்பு இன்றியமையாதது அல்ல, ஆயுள் அனுபவத்தை நிறுத்திக்கொள்வது தானத்தைக் கெடுக்காது என்று அவர்கள் முடிவு செய்தனர்.

சொல் இரட்டைப் பொருள்படும்போது பின்வந்த நடத்தை உதவுமா? பத்திரத்தின் சொல்லுக்கு மாறாக வாய்மொழிச் சாட்சியம் கூடாது என்பது 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 92ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் அதன் இடத்தில் பாரதிய சாட்சிய அதினியம் வந்தபோதும் விதி மாறவில்லை. ஆனால் தெளிவற்ற ஆவணத்தில் இருதரப்பும் நடந்துகொண்ட விதத்தைப் பார்க்கலாம் என்று அப்துல்லா அகமது வழக்கில் (1950) உச்ச நீதிமன்றம் ஏற்றது. மூலப்பத்திரம் யார் கையில் போயிற்று, பட்டா யார் பெயருக்கு மாறியது, வீட்டுவரி ரசீது யார் பெயரில் வந்தது என்பவை அந்த வகைச் சான்றுகள். இவற்றுள் மூலப்பத்திரம் கைமாறியதற்கு நான் அதிக எடை தருவேன். வரி ரசீது பழைய பெயரிலேயே ஆண்டுக்கணக்கில் வருவது நம் ஊரில் சோம்பலுக்கும் சான்று. ஒரு தரப்பு மட்டும் பிறகு எழுதிய ரத்துப் பத்திரத்தை முதல் எண்ணத்துக்குச் சான்றாக எடுப்பது தவறு. அது மாறிய மனத்தின் சான்று.

முந்தைய சொல்லா, பிந்தைய சொல்லா

ஒரு பத்தியில் 'சர்வ சுதந்திரமாய் அடைந்துகொள்ள வேண்டியது' என்று கொடுத்துவிட்டு, இரண்டு பத்தி தள்ளி 'யாதொரு பராதீனமும் செய்யாமல் அனுபவித்து, உனக்குப் பின் உன் ஆண் சந்ததியார் அடைய வேண்டியது' என்று வந்தால் எது நிற்கும்?

உயிலானால் விடை வாரிசுரிமைச் சட்டத்தின் 88ஆம் பிரிவில் இருக்கிறது: ஒத்துப்போகாத இரண்டு வாசகங்களில் பிந்தையது நிற்கும். உயிலில் ஒருவரின் கடைசி விருப்பமே விருப்பம். இரு தரப்புக்கிடையிலான பத்திரமானால் விதி தலைகீழ்: முன்னால் தெளிவாகக் கொடுத்ததைப் பின்னால் வரும் வாசகம் அடியோடு அழிக்குமானால் பின்னது தள்ளுபடி, குறைக்கவோ வரையறுக்கவோ மட்டும் செய்தால் இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பிரிவி கவுன்சில் 1922-இல் சொன்ன இந்த விதியை உச்ச நீதிமன்றம் ராதா சுந்தர் தத்தா (1959), ராம்கிஷோர்லால் (1963) முதலான வழக்குகளில் பின்பற்றியது.

ஆக, எழுத்து மாறாத ஒரே தாள் உயில் என்று பெயர் பெற்றால் கடைசி வாசகத்தாலும், செட்டில்மெண்ட் என்று பெயர் பெற்றால் முதல் வாசகத்தாலும் ஆளப்படும். வாசகங்களைப் படித்துத்தான் ஆவணத்தின் வகையை முடிவு செய்கிறோம். வகையை முடிவு செய்த பிறகு அதே வாசகங்களில் சில செல்லாமல் போகின்றன. இந்தச் சுழற்சியைத் தீர்ப்புகள் வெளிப்படையாக எதிர்கொண்டது குறைவு. வகைப்படுத்தும் கட்டத்தில் பின்வாசகத்துக்கு முழு எடை கொடுத்து, பொருள் கொள்ளும் கட்டத்தில் அதைத் தூக்கியெறிவது தர்க்கத்துக்கு உகந்ததல்ல.

நடைமுறையில் நீதிமன்றங்கள் தப்பிக்கும் வழி, 'அழிக்கிறது' என்று சொல்லாமல் 'வரையறுக்கிறது' என்று சொல்வது. 'பராதீனம் செய்யக்கூடாது' என்பதை எடுத்துக்கொள்வோம். முழு உரிமை கொடுத்த பிறகு வருமானால் அது சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 10ஆம் பிரிவின்கீழ் செல்லாத தடை. பெறுபவர் தாராளமாக விற்கலாம். கொடுத்ததே ஆயுள் பாத்தியம் என்பதற்கு அது அறிகுறி என்று படித்தால், தடை செல்லும்; விற்றது பின்னுரிமையாளரைக் கட்டாது. பல லட்சம் பெறுமான வீடு இந்த ஒரு பாகுபாட்டில் தொங்கும். பின்னால் இன்னொருவருக்கு உரிமை ஒதுக்கியிருக்கிறதா என்பதே நம்பகமான அடையாளம். யாருக்கும் ஒதுக்காமல் வெறுமனே 'விற்கக்கூடாது' என்றால் அது பெற்றோரின் கவலை. சட்ட உரிமை அல்ல.

'ஆண் சந்ததியார் தலைமுறை தலைமுறையாக' என்ற விருப்பம் இதனினும் பலவீனமானது. இந்துச் சட்டம் அறியாத வாரிசு வரிசையை ஒருவர் தம் விருப்பப்படி உருவாக்க முடியாது என்று 1872-இல் தாகூர் வழக்கிலேயே பிரிவி கவுன்சில் முடிவு செய்துவிட்டது. இன்னும் பிறக்காதவருக்குக் கொடுப்பதானால், எஞ்சிய உரிமை முழுவதையும் கொடுக்க வேண்டும் என்கிறது சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு. அவருக்கும் ஆயுள் பாத்தியம், அவர் பிள்ளைக்கு மிச்சம் என்று நீட்டிக்கொண்டே போக முடியாது.

சொத்து விவரத்தில் வரும் முரண்களைப் பொறுத்தவரை சட்டம் ஓரளவு தெளிவு. நான்கெல்லைக்கும் பரப்பளவுக்கும் முரண் வந்தால் பொதுவாக எல்லை நிற்கும். புல எண் தவறாக விழுந்திருந்து, பிற விவரங்கள் நிலத்தைச் சரியாகக் காட்டினால், தவறான எண் பத்திரத்தைக் கெடுக்காது என்பது சியோத்யான் சிங் வழக்கின் (1963) முடிவு.

ஆவண எழுத்தரின் அச்சு

'புத்திர பௌத்திர பாரம்பரியமாய்' என்ற தொடர் ஒரு காலத்தில் வழக்கை முடிக்கும் சொல்லாக இருந்தது. 1881-இல் பிரிவி கவுன்சில் வங்காள ஆவணம் ஒன்றில் வந்த இதையொத்த சமஸ்கிருதத் தொடரை, மரபுரிமையாய்ச் செல்லும் முழு உடைமைக்குரிய சொல் என்று ஏற்றது. அந்தத் தீர்ப்புக்குப் பின் எழுதுவோர் கையில் அது காப்புறுதியாயிற்று. முழு உரிமை கொடுக்க நினைக்காத பத்திரங்களிலும் ஓசைக்காக நுழைந்தது. நீதிமன்றம் ஒரு சொல்லுக்குப் பொருள் நிச்சயிக்கிறது. எழுதுவோர் அதை எல்லா இடத்திலும் தெளிக்கிறார்கள். தெளித்த பிறகு அச்சொல் எதையும் காட்டுவதில்லை. இன்று பதிவுத்துறையே மாதிரி ஆவணங்களை இணையத்தில் தருகிறது. பழைய 'தானாதி வினியோக விற்கிரையங்களுக்கு யோக்கியமாய்' மறைந்து, எளிய வாக்கியங்கள் வந்துள்ளன. நல்ல மாற்றம்தான். ஆனால் மாதிரியும் ஓர் அச்சே. வெற்றிடங்களை மட்டும் நிரப்பிய பத்திரத்தில் எழுதிக்கொடுத்தவரின் குரல் எந்த வரியில் இருக்கிறது என்று தேட வேண்டிய கட்டாயம் வருங்கால நீதிபதிக்கு இன்னும் கூடும்.

இதற்குச் சரியான மறுப்பு ஒன்று உண்டு. கையெழுத்திட்டவர் பத்திரத்தின் எல்லாச் சொல்லுக்கும் கட்டுப்பட்டவர். அச்சு என்று தள்ளத் தொடங்கினால், வாங்குவோரும் வங்கிகளும் எந்தப் பத்திரத்தை நம்புவது? நியாயமான கேள்வி. நான் அச்சுச் சொல்லைத் தள்ளச் சொல்லவில்லை. பத்திரம் தெளிவாக இருந்தால் அச்சாயினும் அது நிற்க வேண்டும். இரண்டு பொருளுக்கு இடம் இருக்கும்போது மட்டும், எல்லாரும் எழுதும் வரியைவிட இவர் மட்டும் எழுதிய வரி அதிகம் பேசட்டும்.

'ஜீவனாம்சம்' என்ற சொல்லின் விலை

இந்துப் பெண்ணுக்கு ஆயுள் பாத்தியம் கொடுக்கும் பத்திரங்களில் இந்த அணுகுமுறைக்குக் கடும் சோதனை வருகிறது. இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956-இன் 14(1) பெண்ணின் வசமுள்ள சொத்தை முழு உடைமையாக்குகிறது. 14(2) அதற்கு விலக்கு: தானம், உயில் அல்லது வேறு ஆவணம் ஒன்று வரையறுத்த உரிமையையே கொடுத்திருந்தால் வரையறை நிற்கும். துளசம்மா வழக்கு (1977) இரண்டுக்கும் நடுவே கோடு போட்டது. கணவர் குடும்பத்தின்மேல் விதவைக்கு ஏற்கெனவே இருந்த ஜீவனாம்ச உரிமைக்காகச் சொத்து கொடுக்கப்பட்டிருந்தால், பத்திரம் 'ஆயுள்வரை' என்று சொன்னாலும் அது முழு உரிமையாகிவிடும். புதிதாக உரிமை கொடுக்கும் ஆவணத்துக்கே 14(2) பொருந்தும்.

விளைவு, ஒரே ஊரில் ஒரே ஆண்டில் எழுதிய இரண்டு பத்திரங்களில், ஒன்றில் 'உன் ஜீவனாம்சத்துக்காக' என்ற சொல் இருந்ததால் மனைவி முழு உரிமையாளர். மற்றதில் அச்சொல் இல்லாததால் அவள் பிள்ளைகளுக்குக் காத்திருக்கும் காவலாளி என்று ஆகலாம். ஜீவனாம்ச உரிமை பத்திரச் சொல்லிலிருந்து பிறப்பதில்லை, உறவிலிருந்து பிறக்கிறது. எனவே சொல் இல்லாதது உரிமை இல்லாததைக் காட்டாது என்று ஒரு தீர்ப்பு வரிசை சொல்கிறது. கணவர் தம் சுயார்ஜிதத்தை வரையறையோடு கொடுக்கும் சுதந்திரத்தை 14(2) காக்கிறது என்கிறது இன்னொரு வரிசை. இந்த முரணைப் பட்டியலிட்டு, 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. இங்கே எழுதியவரின் எண்ணம் தெளிவாகவே இருக்கலாம். சட்டம் அதை மதிக்குமா என்பதே கேள்வி. எண்ணத்தைத் தேடுவதே பொருள்கோளின் முழு வேலை என்ற வழக்கமான சொல்லாடல் இங்கே தடுக்கி விழுகிறது.

அன்பினாலும் பிரியத்தினாலும்

'உன்பேரில் எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்' என்ற தொடர் செட்டில்மெண்ட் பத்திரத்தின் தொடக்கத்தில் ஏறக்குறைய எப்போதும் வரும். கைம்மாறு எதுவும் இல்லை என்று அறிவிப்பதே அதன் வேலை. எழுதிய காரணத்தைக் காட்டும் சொல்லாகவே அது நெடுங்காலம் படிக்கப்பட்டது. அதிலிருந்து நிபந்தனை எதுவும் பிறக்கவில்லை.

பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007 இதை மாற்றும் வாய்ப்பைக் கொடுத்தது. அதன் 23(1)ஆம் பிரிவு: பெறுபவர் அடிப்படை வசதிகளும் தேவைகளும் செய்து தருவார் என்ற நிபந்தனைக்கு உட்பட்டு மூத்த குடிமகன் சொத்தைக் கொடுத்து, பெற்றவர் செய்யத் தவறினால், அந்த மாற்றம் மோசடியாலோ வற்புறுத்தலாலோ நடந்ததாகக் கருதப்படும்; கொடுத்தவர் விருப்பப்படி அது செல்லாததாக்கப்படலாம். நிபந்தனை பத்திரத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டுமா?

2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஹரியானா வழக்கொன்றில் நிபந்தனை இருந்தது நிரூபிக்கப்பட வேண்டும் என்றது. பெற்றோர் பிள்ளைகளுக்கு எழுதும்போது நிபந்தனை இயல்பாகவே ஒட்டியிருக்கும் என்று கொள்ள முடியாது; எதையும் எதிர்பாராமல் அன்பினாலேயே எழுதுவதும் உண்டு என்பது அதன் பார்வை. சென்னை உயர் நீதிமன்றம் வேறு வழியில் சென்றது. 2023-இல் தனி நீதிபதி ஒருவரும், 2025 மார்ச்சில் இரு நீதிபதி அமர்வும், அன்பும் பிரியமும் என்ற சொல்லிலேயே பராமரிப்பு எதிர்பார்ப்பு உள்ளடங்கியிருக்கிறது, வெளிப்படையான வாசகம் கட்டாயமில்லை என்றனர். இடையில் 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத் தாய் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சட்டத்தைத் தாராளமாகப் படித்து, தானத்தை நீக்கிச் சொத்தைத் திருப்பியளித்தது. ஆனால் அங்கே மகன் தாயைக் கவனிப்பதாகத் தனியே எழுதிக்கொடுத்த உறுதிமொழித் தாள் ஒன்று இருந்தது.

சென்னைத் தீர்ப்புகளின் முடிவில் எனக்கு மனவேறுபாடு இல்லை. வீட்டை எழுதிக்கொடுத்து நடுத்தெருவில் நிற்கும் முதியவரிடம் 'நிபந்தனை எங்கே எழுதியிருக்கிறது' என்று கேட்பது கொடுமை. வழியில்தான் தயக்கம். எல்லாப் பத்திரத்திலும் உள்ள சொல்லை நிபந்தனையாக்கினால், அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின் முதியவர்கள் எழுதிய குடும்பச் செட்டில்மெண்ட் எல்லாமே நிபந்தனைக்குட்பட்டவை ஆகிவிடும். நாடாளுமன்றம் 'நிபந்தனைக்கு உட்பட்டு' என்று போட்ட சொல் வேலையற்றுப்போகும். அதே முடிவுக்கு உறுதியான பாதை உண்டு. கொடுத்தது அவருடைய ஒரே வீடா? தனக்குக் குடியிருப்பு உரிமை வைத்துக்கொண்டாரா, அல்லது அதைக்கூட வைத்துக்கொள்ளாமல் கொடுத்தாரா? வேறு பிள்ளைகளை ஒதுக்கி ஒருவருக்கே எழுதினாரா? கொடுத்த நாளில் யார் வீட்டில், யார் செலவில் இருந்தார்? ஒரே உடைமையைக் குடியிருப்பு உரிமைகூட இல்லாமல் ஒரு பிள்ளைக்கே கொடுத்தவர், அந்தப் பிள்ளை தன்னைக் காக்கும் என்ற புரிதலின்மேல்தான் கொடுத்தார் என்று ஊகிக்க 'பிரியம்' என்ற சொல்லின் துணை வேண்டியதில்லை. மூன்று வீடுகளில் ஒன்றை மட்டும் மகளுக்குக் கொடுத்தவரின் பத்திரத்திலும் அதே சொல்தான் இருக்கும்.

பத்திரத்தை முதலில் படிப்பவர்

இதுவரை நீதிபதியையே வாசகராகக் கொண்டு பேசினோம். அவருக்கு முன்பே பத்திரத்தைப் படிப்பவர் சார்பதிவாளர். 2022-இல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு, பதிவான பத்திரத்தைத் தனியொருவராக ரத்து செய்யும் ஆவணத்தைச் சார்பதிவாளர் பதிவுக்கு ஏற்கக் கூடாது என்றது. தானமும் செட்டில்மெண்டும்கூட அப்படியே. ரத்து அதிகாரம் 126ஆம் பிரிவுக்கு ஏற்றபடி மூலப் பத்திரத்திலேயே வெளிப்படையாக வைக்கப்பட்டிருந்தால் மட்டும் விலக்கு. அதற்கு முன் கவுன்டரில் ரத்துப் பத்திரங்கள் தாராளமாகப் பதிவாகிவந்த காலத்தை நினைத்தால் தேவையான தீர்ப்பு. ஆனால் அது பொருள்கோள் வேலையில் ஒரு பங்கைச் சார்பதிவாளர் மேசைக்கு நகர்த்தியிருக்கிறது. மூலப் பத்திரம் செட்டில்மெண்டா உயிலா என்பதையும், அதில் உள்ள வாசகம் வெறும் விருப்பத்தைச் சார்ந்ததா, குறித்த நிகழ்ச்சியைச் சார்ந்ததா என்பதையும் முதலில் அவர் படித்தாக வேண்டும்.

'என்னை அந்திமகாலம்வரை காப்பாற்றி வராவிட்டால் இதை ரத்து செய்துகொள்ள எனக்கு அதிகாரம் உண்டு' என்ற வாசகத்தோடு ஒரு மூதாட்டி வந்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வாசகம் இருக்கிறது, அது அவருடைய வெறும் விருப்பத்தைச் சாராமல் மகனின் நடத்தையைச் சார்ந்திருக்கிறது, மகனும் ஏற்றுக் கையெழுத்திட்டிருக்கிறான். 126ஆம் பிரிவின் கண்ணில் குறையில்லை. ஆனால் மகன் காப்பாற்றவில்லை என்பது பத்திரத்தில் எழுதப்படும் செய்தி அல்ல. அதைச் சாட்சி வைத்து விசாரித்து முடிவு செய்யும் அதிகாரம் சார்பதிவாளருக்கு இல்லை. அவர் பதிவை மறுத்தால் மூதாட்டி உரிமையியல் நீதிமன்றத்துக்கோ 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் தீர்ப்பாயத்துக்கோ போக வேண்டும். ஏற்றால் மகன் நீதிமன்றம் போவான், வில்லங்கச் சான்றில் இரண்டு பதிவுகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும்.